எத்தனை துண்டாக வெட்டுவது?

தானியங்கி நீர்மூழ்கி வாகனம் பெரும்பாலும் டொர்பீடோ வடிவக் குழாய்தான். மூக்கில் ஒலியால் சுற்றுப்புறத்தைப் பார்க்கும் சோனார், நடுவில் பற்றரியும் கணினியும், வாலில் மோட்டார். இவற்றைக் கழற்றிப் பூட்டக்கூடிய தனித்தனிப் பகுதிகளாக, அதாவது மொடியூலாகச் செய்து, தேவைக்கேற்பக் கோத்துக்கொள்ளலாம் என்பார்கள். ஐஸ்லாந்தில் உருவான காவியா என்ற வாகனம் இப்படிப் பெயரெடுத்தது. படத்தில் பார்க்க அழகுதான். திருகோணமலையில் வேலை செய்த பிறகு எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான் மிச்சம்.

மொடியூல்கள் சேரும் ஒவ்வொரு மூட்டும் தண்ணீர் புகக்கூடிய இடம். 100 மீற்றர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரையும் ஏறக்குறைய 10 கிலோ அழுத்தும். அதைத் தடுப்பது ஓ-ரிங் எனும் ஒரு ரப்பர் வளையம். அதில் ஒரு தலைமயிர் ஒட்டியிருந்தாலும் கசியலாம். கரையில் மணல் பறக்கும்போது மூட்டைத் திறக்க எனக்கு மனம் வராது. நேரம் போனாலும் பரவாயில்லை, பற்றரியை உள்ளே வைத்தே சார்ஜ் ஏற்றுவோம் என்பேன்.

இங்கே பெரிய தலையிடி மிதப்புத்தான். கொட்டியாரக் குடாவில் மகாவலி விழுகிறது. மாரிகாலத்தில் ஆற்றுநீர் உப்புநீரின் மேல் படலமாகப் பரவும். மூதூர்ப் படகோட்டி அண்ணை ஒருநாள் கேட்டார்: "தம்பி, மேல ஆத்துத் தண்ணி, கீழ கடல் தண்ணி. உங்கட சாமான் எந்தத் தண்ணிக்குச் செய்தது?" சரியான கேள்வி. 40 லீற்றர் கொள்ளளவுள்ள உடலுக்கு, நீரின் அடர்த்தி லீற்றருக்கு 10 கிராம் குறைந்தாலே 400 கிராம் மிதப்பு போய்விடும். கடல்நீருக்கு அளவாக எடை வைத்த வாகனம் வேலை முடிந்து மேலே வரும்போது அந்தப் படலத்துக்குக் கீழேயே நின்றுவிடலாம். அன்டெனா வெளியே வராவிட்டால் ஜிபிஎஸ் இல்லை, ரேடியோவும் இல்லை. அப்புறம் தேடுதல்தான்.

அதனால் ஒவ்வொரு மொடியூலும் தன் மிதப்பைத் தானே சமன்செய்ய வேண்டும் என்பதில் நான் பிடிவாதம். சோனாரைக் கழற்றி வேறு கருவியைப் பூட்டினாலும் மூக்கு தாழக் கூடாது. நீருக்கேற்ப மாற்றும் ஈயத் துண்டுகளோ மூட்டுக்கு வெளியே, நீர் நிறையும் மூக்குப் பகுதியிலும் வாலிலும் இருக்க வேண்டும். உப்பையும் வெப்பத்தையும் அளக்கும் கருவியை முதலில் கயிற்றில் இறக்கிப் பார்த்து, படகிலேயே ஈயத்தைக் கூட்டிக் குறைக்கலாம். ஓ-ரிங்கைத் தொடத் தேவையில்லை.

அடுத்த உடலுக்கு இரண்டே மூட்டுப் போதும் என்கிறேன். இளம் பொறியியலாளர்கள் நான்கு கேட்கிறார்கள். பேச்சு இன்னும் முடியவில்லை.