செவலையும் பத்து வாரக் கூண்டும்

ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு நாள் மாலை, எங்கள் தெருமுனையில் பின்னோக்கி வந்த ஒரு லோடு ஆட்டோவின் சக்கரத்தில் செவலை மாட்டிக்கொண்டாள். தெருவில் பிறந்து, குட்டியாக எங்கள் வாசலுக்கு வந்து, நான்கு ஆண்டுகளாக எங்களோடு வாழும் நாட்டு நாய் அவள். எடை 17 கிலோ. அவளைக் கைகளில் வாரி எடுக்கத்தான் மனம் துடித்தது. ஆனால் எங்கே உடைந்திருக்கிறது என்று தெரியாத உடலை வளைக்கக்கூடாது என்பதால், அலமாரித் தட்டு ஒன்றைக் கழற்றி வந்து அதன்மேல் மெல்ல நகர்த்திப் படுக்க வைத்து, போர்வையால் சுற்றி, ஆட்டோவின் பின் இருக்கையில் வைத்து சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம்.

எக்ஸ்ரேயில் இடுப்பெலும்பு இரண்டு இடங்களில் உடைந்திருந்தது. "இடுப்பெலும்பு ஒரு வளையம். கண்ணாடி வளையலை அழுத்தினால் ஓரிடத்தில் மட்டுமா உடையும்? இதுவும் அப்படித்தான்" என்று மருத்துவர் விளக்கினார். தொடையெலும்பு பொருந்தும் கிண்ணமும், முதுகெலும்போடு இடுப்பு சேரும் மூட்டும் தப்பியிருந்தன. உடலின் எடை அந்த வழியாகத்தான் பின்னங்கால்களுக்கு இறங்குகிறது என்பதால் அறுவை சிகிச்சை தேவையில்லை என்றும், சுற்றியுள்ள தடித்த தசைகளே எலும்பைப் பிடித்துக்கொள்ளும் என்றும் சொன்னார். சிறுநீர்ப்பை கிழியவில்லை என்பதையும், வாலைக் கிள்ளினால் அவளுக்கு உணர்வு இருக்கிறது என்பதையும் உறுதி செய்துகொண்ட பிறகு, மருந்துச் சீட்டின் கடைசி வரியாக எழுதியது இதுதான்: எட்டு வாரம் கேஜ் ரெஸ்ட், அதாவது கூண்டுக்குள் ஓய்வு.

கூண்டு என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா முகம் வாடிவிட்டார். தெருவெல்லாம் ஓடித் திரிந்த உயிரை அடைத்து வைப்பது பாவம் என்பது அவருடைய எண்ணம். என் எண்ணமும் ஏறக்குறைய அதுவாகவே இருந்தது. 36 அங்குல நீளமுள்ள கம்பிக் கூண்டு ஒன்றை வாங்கினோம். அதற்குள் நாய் நிற்கவும், திரும்பவும், கால் நீட்டிப் படுக்கவும் முடிய வேண்டும்; இரண்டடி எடுத்து வைத்துத் துள்ளுவதற்கு இடம் இருக்கக்கூடாது. பெரிய கூண்டு வாங்கிக் கொடுப்பது அன்பாகத் தோன்றினாலும், உடைந்த எலும்புக்கு அது நன்மை செய்வதில்லை. அடியில் வழுக்காத ரப்பர் பாய், அதன்மேல் ரெக்ஸின், அதன்மேல் மடித்த போர்வை, எல்லாவற்றுக்கும் மேலே அன்றாடம் மாற்றுவதற்குப் பழைய பருத்திப் புடவை என்று படுக்கையை அமைத்தோம். கோடை வெயில் என்பதால் கூண்டை வடக்குச் சன்னலோரமாக, மின்விசிறிக் காற்று படும் இடத்தில் வைத்தோம். நாய் மூச்சிரைத்துத்தான் தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. வலியிலும் அப்படியே மூச்சிரைக்கிறது. அறை குளிர்ந்திருக்கும் பின்னிரவிலும் அவள் இரைத்துக்கொண்டிருந்தால் அது வலி என்று அறிந்துகொள்ள எனக்கு நான்கைந்து நாள்கள் ஆயின.

முதல் வாரத்தில் எங்களுக்கிருந்த பெரிய கவலை மலமும் சிறுநீரும்தான். அப்பாவின் பழைய வேட்டியை நான்காக மடித்து, பின்னங்கால்களுக்குச் சற்று முன்னால் வயிற்றுக்கு அடியில் கொடுத்து, இரண்டு முனைகளையும் முதுகுக்கு மேலே பிடித்துக்கொண்டு அவளை வாசல் மண்ணுக்கு அழைத்துச் செல்வோம். தூக்கிச் செல்லக்கூடாது, அவள் கால் ஊன்றும்போது எடையை வாங்கிக்கொள்ளும் அளவுக்குத்தான் பிடி இருக்க வேண்டும். முதல் இரவு முழுவதும் அவள் சிறுநீர் கழிக்கவில்லை. மறுநாள் விடியற்காலையில் வேட்டி முனையைப் பிடித்தபடி அவளோடு நின்றிருந்தபோது, மண் நனையும் சத்தம் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. மலம் போக மூன்று நாள்கள் ஆயின. இடுப்பு உடைந்த நாய்க்குக் குந்துவதே வலி. அந்த வலிக்கு அஞ்சி அடக்கிக்கொண்டால் மலம் இறுகி, வலி இன்னும் கூடும். வேகவைத்து மசித்த மஞ்சள் பூசணி இரண்டு கரண்டியும், நிறையத் தண்ணீரும் சேர்த்துச் சோற்றைக் குழைத்துக் கொடுத்தோம். ஓட்டம் இல்லாத உடல் என்பதால் சோற்றின் அளவையும் மருத்துவர் சொன்னபடி கால்பங்கு குறைத்தோம். எடை கூடினால் அந்தச் சுமையை அதே இடுப்புதானே தாங்க வேண்டும்?

தானாகத் திரும்ப முடியாத அந்த நாள்களில், படுக்கைப்புண் வராமல் இருக்க நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அவளைப் பக்கம் மாற்றிப் படுக்க வைத்தோம். இரவு இரண்டு மணிக்கு அம்மா, காலை ஆறு மணிக்கு நான்.

மருந்தைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மருத்துவர் எழுதிக் கொடுத்த மெலாக்ஸிகாம் என்ற வலி மருந்தை நாளுக்கு ஒருமுறை, சாப்பிட்ட பிறகு மட்டும் கொடுத்தோம். மலம் கறுத்துப் போனாலோ வாந்தி வந்தாலோ உடனே நிறுத்திவிட்டு அழைக்க வேண்டும் என்பது அவருடைய கட்டளை. பக்கத்து வீட்டார் இரக்கத்தோடு தங்கள் வீட்டிலிருந்த ஐபுப்ரோஃபென் மாத்திரையைக் கொண்டு வந்தார்கள். அது நாயின் இரைப்பையைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். மனிதர்களுக்கான வலி மாத்திரை எதையும், பாதி அளவில்கூட, நாய்க்குக் கொடுத்துவிடாதீர்கள்.

மூன்றாவது வாரத்தில் செவலை குணமடைந்துவிட்டாள் என்றே நாங்கள் நம்பினோம். கண்ணில் ஒளி வந்துவிட்டது. வேட்டி இல்லாமலே நின்றாள். கூண்டின் கதவைக் காலால் பிறாண்டினாள். பிற்பகல் முழுவதும் மெல்லிய குரலில் அழைத்துக்கொண்டே இருந்தாள். "பாவம்டி, அஞ்சு நிமிஷம் ஹால்ல நடந்துட்டு வரட்டுமே" என்றார் அம்மா. நானும் கதவைத் திறந்துவிட்டேன். கழுத்தில் கயிறுகூடக் கட்டவில்லை. அந்த நேரம் பார்த்து வாசலில் மணி அடித்தது. டைல்ஸ் தரையில் அவள் பாய்ந்து ஓடியதும், பின்னங்கால்கள் இரண்டும் அகன்று வழுக்கியதும், அவள் அலறியதும் ஒரு நொடிக்குள் நடந்து முடிந்தன. அந்த அலறலுக்கு நானே பொறுப்பு.

மறு எக்ஸ்ரேயில் உடைந்த துண்டு ஒன்று சற்று விலகியிருந்தது. அறுவை சிகிச்சை வேண்டாம், ஆனால் கூண்டுக் காலத்தோடு இன்னும் இரண்டு வாரம் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார் மருத்துவர். அவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. எலும்பு கூடும் விதத்தைப் பொறுமையாக விளக்கினார். உடைந்த இடத்தில் முதலில் இரத்தம் உறைகிறது. பிறகு இரண்டு மூன்று வாரங்களில் நாரும் குருத்தெலும்பும் சேர்ந்த ஒரு மெத்தென்ற ஒட்டு உருவாகிறது. வீக்கமும் வலியும் அடங்குவது அப்போதுதான். அந்த ஒட்டில் சுண்ணாம்புச் சத்து ஏறி இறுகுவதற்கு வளர்ந்த நாய்க்கு இன்னும் பல வாரங்கள் ஆகும். அதுவரை அது பூசி ஈரம் காயாத சுவர். நாய்க்கு அது தெரியாது. வலி இல்லை, எனவே ஓடலாம் என்பதே அதன் கணக்கு. அப்படியானால் கூண்டின் உண்மையான வேலையே வலி போன பிறகுதான் தொடங்குகிறது என்பதை அன்று புரிந்துகொண்டேன். முதல் வாரத்தில் கூண்டே இல்லாவிட்டாலும் அவள் எங்கும் போயிருக்க மாட்டாள்.

அதன்பின் அம்மா ஒருமுறைகூடக் கதவைத் திறக்கச் சொல்லவில்லை. அவளுடைய பொழுதைப் போக்கும் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டார். தட்டில் தயிரை மெல்லியதாகத் தடவி உறைய வைத்து நக்கக் கொடுப்பார். வேகவைத்த கோழித் துண்டுகளைத் துணியில் சுருட்டி வைத்து, மோப்பம் பிடித்துப் பிரித்தெடுக்க விடுவார். அதில் கால் மணி நேரம் மூக்கை உழைக்கவிட்டால், நீண்ட தூரம் நடந்து வந்தவள் போல அயர்ந்து தூங்கிவிடுவாள். ஆறாவது வாரத்தில் தெருவில் ஒரு இறுதி ஊர்வலம் வெடியோடு போனபோது அவள் நடுங்கி எழுந்து கம்பியில் மோதத் தொடங்கினாள். கூண்டின் மூன்று பக்கமும் போர்வையைத் தொங்கவிட்டு, கம்பிக்கு உள்ளே கையை விட்டு மார்பைத் தடவியபடி, சத்தம் ஓயும்வரை அம்மா தரையிலேயே உட்கார்ந்திருந்தார்.

ஜூன் மாதம் பத்தாவது வாரம் முடிந்து எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு கூடிவிட்டது. இப்போது கயிற்றோடு காலையும் மாலையும் ஐந்து நிமிட நடை. வாரந்தோறும் ஐந்து நிமிடம் கூட்டுகிறோம். மாடிப்படி இன்னும் ஒரு மாதத்துக்குக் கூடாது. மருத்துவர் காட்டிக் கொடுத்தபடி பின்னங்காலை நாளுக்கு இருமுறை, பத்துப் பத்துத் தடவை மெல்ல மடக்கி நீட்டுகிறேன். பயன்படுத்தாத தசை மெலிந்து, இடது தொடைச் சுற்றளவு வலது தொடையைவிட 2 சென்டிமீட்டர் குறைந்திருந்தது. ஞாயிறுதோறும் தையல் டேப்பால் அளந்து நாள்காட்டியில் குறித்து வருகிறேன். நேற்று அளந்தபோது வித்தியாசம் ஒரு சென்டிமீட்டர்.