இறுவட்டைக் கேட்டு வாங்குங்கள்: அப்பாவின் நுரையீரல் தழும்பு தந்த அலைச்சல்

ஸ்கான் அறிக்கையில் 'பைப்ரோசிஸ்', அதாவது தழும்பு, என்று எழுதியிருந்தால் நோயைப் பிடித்துவிட்டார்கள் என்று நம்பிவிடாதீர்கள். எந்தப் பைப்ரோசிஸ் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதற்கான விடை கிடந்த இறுவட்டை (சி.டி.யை) ஒரு தனியார் ஸ்கான் நிலையத்திடமிருந்து பிடுங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அப்பாவுக்கு வறட்டு இருமல். கிணற்றடிக்குப் போய் வந்தாலே மூச்சு வாங்கும். நெடுநாள் சுருட்டுக்காரர் என்பதால் தொய்வு (ஆஸ்துமா) என்று முடிவு கட்டி பம்ப் கொடுத்தார்கள். அது கேட்கவில்லை என்றதும் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரோய்ட் மாத்திரை. நகத்தைக்கூட ஒருவரும் பார்க்கவில்லை. கடைசியில் ஒரு இளம் வைத்தியர்தான் சட்டையை முழுதாகக் கழற்றச் சொல்லி, முதுகின் அடிப்பகுதியில் குழாயை வைத்துக் கேட்டார். மூச்சை உள்ளே இழுக்கும்போது, சப்பாத்தின் ஒட்டுப்பட்டியைப் பிரிக்கிற மாதிரிச் சரசரப்பு. விரல் நுனிகளும் தடித்திருந்தன. இரண்டும் நுரையீரல் தழும்பின் அறிகுறியாக இருக்கலாம். உடனே நுரையீரலை மெல்லிய வெட்டுகளாகப் படமெடுக்கும் எச்.ஆர்.சி.டி. ஸ்கான் எழுதித் தந்தார்.

ஸ்கான் எடுத்தது சுலபம். பெரிய உறைக்குள் படங்களும் ஒரு பக்க அறிக்கையும் வந்தன. அவற்றோடு இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய், வரிசையில் காத்திருந்து சுவாச நோய் நிபுணரைக் கண்டோம். அவர் படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "இதில் தடித்த வெட்டுகள்தான் இருக்கின்றன. ஒன்றரை மில்லிமீற்றருக்கு மேற்படாத மெல்லிய வெட்டுகள் வேண்டும். அவை இருக்கும் இறுவட்டு எங்கே?" அவ்வளவுதான் சந்திப்பு. அப்பா பஸ்ஸில் வீடு வரும்வரை வாய் திறக்கவில்லை.

ஸ்கான் நிலையக் கருமபீடத்தில் இருந்தவர் தலை நிமிராமலே, "பிள்ளை, படம் தந்தாயிற்று. இறுவட்டு நாங்கள் கொடுப்பதில்லை" என்றார். வைத்தியரின் கடிதம் இருந்தால் பார்க்கலாம் என்றார், கடிதம் கொண்டுபோனேன். அடுத்து, அடையாள அட்டையில் அப்பாவின் முதலெழுத்து ஒன்று, பற்றுச்சீட்டில் வேறொன்று என்று கண்டுபிடித்தார். பிழையாகத் தட்டச்சு செய்தவர்கள் அவர்கள். சமாதான நீதவானிடம் போய்ச் சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு வரவேண்டியவள் நானாம்! அதையும் முடித்துக்கொண்டு போனால், பழைய பதிவுகளை அழித்திருப்பார்கள் என்று ஒரு புதுக் கதை. என் குரல் உயர்ந்ததைக் கேட்டு உள்ளேயிருந்து வந்த ஸ்கான் தொழில்நுட்பவியலாளர் இலக்கத்தைக் கேட்டார், கணினியில் தட்டினார். எல்லாம் அப்படியே இருந்தது. தேநீர் ஆறுவதற்குள் இறுவட்டு என் கையில். கருமபீடக்காரர் அதற்கும் ஒரு பற்றுச்சீட்டுப் போட்டார். இம்முறை முதலெழுத்து சரி.

இதில் இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று அண்ணாவே கேட்டார். இதற்குத்தான்: புறா எச்சம், பூஞ்சணம் பிடித்த வைக்கோல் போன்றவற்றால் வரும் ஒவ்வாமை வகைத் தழும்பில் முதலில் அந்தக் காரணத்தை அகற்றுவார்கள், ஸ்டீரோய்டும் பலருக்கு உதவும். காரணம் தெரியாமல் வரும் ஐ.பி.எப். வகையில் பிரெட்னிசோன் (பிரெட்னிசொலோனின் உடன்பிறப்பு), அசதயோப்பிரின், அசிட்டைல்சிஸ்டீன் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தவர்களிடையே இறப்பும் ஆஸ்பத்திரி அனுமதியும் கூடியதை 2012 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. ஒன்றுக்கு மருந்து, மற்றதற்கு ஆபத்து. அப்பாவின் இறுவட்டில் இரு நுரையீரல்களின் அடியிலும், நுரையீரல் உறையை ஒட்டி, ஐ.பி.எப். வகையைக் காட்டும் தேன்கூட்டுத் துளைகள் தெளிவாகத் தெரிந்தன. அதனால் சதைத் துண்டு வெட்டிச் சோதிக்கவும் தேவையில்லாமல் போயிற்று.

நிபுணர் இம்முறை பொறுமையாகக் கதைத்தார். காற்றறைகளின் உட்சுவர் திரும்பத் திரும்பக் காயப்படுகிறது. டி.ஜி.எப். பீற்றா என்ற சமிக்ஞைப் புரதம் நார்க்கலங்களை மயோபைப்ரோபிளாஸ்ட்களாக மாற்றுகிறது. அவை கொலாஜினைக் கொட்டுகின்றன. சாதாரண காயத்தில் வேலை முடிந்ததும் மடிந்துபோக வேண்டிய இந்தக் கலங்கள் இங்கே மடிவதில்லை. ஈரலிலும் சிறுநீரகத்திலும் இதயத்திலும் தழும்பு விழுவது பெரும்பாலும் இதே வழியில்தான். ஈரலில் காரணத்தை நீக்கினால் ஓரளவு கரையலாம். அப்பாவுக்கு வந்த வகையில் விழுந்த தழும்பு போகாது.

2014 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிர்பெனிடோன், நின்டெடானிப் இரண்டும் சரிவைத் தாமதிக்க மட்டுமே செய்யும். நின்டெடானிப் ஆய்வுகளில் மூச்சுக் கொள்ளளவு குறையும் வேகம் ஏறத்தாழ பாதியானது. வயிற்றோட்டம் பத்தில் ஆறு பேருக்கு. அப்பாவின் வயிறு ஏற்கெனவே பலவீனம் என்பதால் பிர்பெனிடோன் எழுதினார்.

மருந்துத் துண்டில் இல்லாத சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டின் நடுவில் கொடுங்கள். வெறும் வயிற்றில் குமட்டும். வெயில் பட்டால் தோல் சிவந்து எரியும். யாழ்ப்பாணத்து வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? நீளக்கைச் சட்டையும் தொப்பியும் கட்டாயம். புகைத்தால் இரத்தத்தில் மருந்தின் அளவு குறைந்துவிடும். இதை நிபுணரே சொன்ன பிறகுதான் அப்பா சுருட்டை விட்டார்; அம்மா ஆயுள் முழுக்கச் சொன்னது செல்லவில்லை. மாறாக, நம் மருந்தகங்களில் சளி, காய்ச்சலுக்கு எடுத்து நீட்டுகிற சிப்ரோபுளொக்சசின் என்ற நுண்ணுயிர்கொல்லி அந்த அளவைக் கூட்டிவிடும், கேட்காமல் வாங்காதீர்கள். ஈரல் இரத்தப் பரிசோதனையை முதல் ஆறு மாதம் மாதாமாதம் செய்ய வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது ஒட்சிசன் அளவு நன்றாகத்தான் காட்டும். நடக்கவிட்டுப் பாருங்கள், இறங்குவது அப்போதுதான் தெரியும்.

இறுவட்டை வீட்டுக் கணினியில் பிரதி எடுத்து, இன்னொன்றை அண்ணாவிடம் கொடுத்திருக்கிறேன். மூச்சுக் கொள்ளளவை அளக்கும் அடுத்த ஊதற் பரிசோதனை மாசியில். முந்திய அளவு கிளினிக் கொப்பியிலும் இருக்கிறது, என் கைப்பேசியிலும் இருக்கிறது. கோப்பைக் காணவில்லை என்று யாரும் எங்களைத் திருப்பி அனுப்ப முடியாது.