லாக் பிளான் ஏரி: ஏணியில் ஏறுங்கள், ரோப் காரில் இறங்குங்கள்

பிரான்சின் ஷமோனி பள்ளத்தாக்கில் கையில் ஒரே நாள்தான் என்றால் லாக் பிளானுக்குப் போகலாம். மோன் பிளான் தொடருக்கு நேர் எதிரே, எகுயீ ரூஜ் மலையில் 2,352 மீட்டர் உயரத்தில் இருக்கிறது இந்த ஏரி. பெரும்பாலோர் பள்ளத்தாக்கிலுள்ள லே பிராஸ் ஊரிலிருந்து ரோப் காரில் லா ஃப்ளேஜேர் (1,877 மீ.) போய், அங்கிருந்து இரண்டு மணி நேரம் ஏறி, வந்த வழியே திரும்புவார்கள். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அது போதும்.

நடக்கத் தெம்பு உள்ளவர்கள் த்ரே-லெ-ஷான் என்ற சிற்றூரில் (1,417 மீ.) தொடங்குங்கள். சுவிட்சர்லாந்தின் மார்த்தினி பக்கமிருந்து ரயிலில் வந்தால் மோன்ரோக் நிலையத்தில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் போதும். ஏற்றம் 935 மீட்டர். மூன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் செங்குத்துப் பாறையில் இரும்பு ஏணிகள் வரும். ஏறுவது கடினமில்லை. இறங்கும்போதுதான் அடுத்த படி கண்ணுக்குத் தெரியாது, மேலே வருகிறவர்களுக்கும் வழிவிட வேண்டும். அதனால்தான் இந்த வழியை ஏறுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, திரும்பும்போது லா ஃப்ளேஜேருக்கு நடந்து இறங்கி, அங்கிருந்து ரோப் காரில் போகச் சொல்கிறோம். கைத்தடிகளை மடக்கிப் பையில் செருகிவிடுங்கள், இரண்டு கையும் வேண்டும். உயரம் பயம் என்றால் மோன்தே கணவாயிலிருந்து (1,461 மீ.) வளைந்து வளைந்து ஏறும் பாதையில் ஏணியே கிடையாது, இரண்டு பாதையும் தேத் ஓ வான் என்ற இடத்தில் சேர்ந்துவிடும். அங்கிருந்து ஷெஸெரி ஏரிகளைத் தாண்டி மேலே போக வேண்டும். அங்கேயும் ஒரு சின்ன ஏணியும் மரப்படிகளும் உண்டு.

வம்பு பனியில்தான். ஜூலைத் தொடக்கம் வரை பாதையின் குறுக்கே பனித்திட்டுகள் கிடக்கும். காலையில் கண்ணாடி போல இறுகியிருக்கும். சறுக்கினால் கீழே பாறைதான். மதியம் இளகும், அப்போது வேறு தொல்லை: வெயிலில் சூடேறிய பாறை தன்னைச் சுற்றியுள்ள பனியை உருக்கி அடியில் பொந்து வைத்திருக்கும். பாறையை ஒட்டிக் கால் வைத்தால் தொடை வரை இறங்கும். ஓரடி தள்ளியே நடங்கள். ஜூனில் போகிறவர்கள் ஷூவில் மாட்டும் இரும்புப் பற்கள் இல்லாமல் போகாதீர்கள். ஏரியை நீலமாகப் பார்க்க வேண்டுமென்றால் ஜூலை பாதிக்குப் பிறகு வாருங்கள்.

ஷமோனி ஊரை விட ஏரி 1,300 மீட்டர் மேலே. கீழே 25 டிகிரி என்றால் மேலே 17 தான் இருக்கும், காற்றடித்தால் இன்னும் குளிரும். பருத்திச் சட்டை வியர்வையில் நனைந்து உடம்பில் ஒட்டி நடுங்க வைக்கும். செயற்கை இழைச் சட்டையும் மழைக்கோட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். ஏரிக்கரை விடுதியில் கோடையில் சாப்பாடு கிடைக்கும். இது இயற்கைக் காப்பகம், நாயைக் கூட்டிவர முடியாது.

கோடை மதியங்களில் இடிமழை திரளும். காலை ஏழு மணிக்குக் கிளம்பி, ஒரு மணிக்குள் ஏரியை விட்டு இறங்கிவிடுங்கள். இதில் ஒரு நஷ்டம் உண்டு: காலையில் சூரியன் மோன் பிளான் தொடருக்குப் பின்னால் நிற்பதால் படம் மங்கலாக வரும், நல்ல வெளிச்சம் மாலையில்தான். மேகமே இல்லாத நாளில் மட்டும் அதற்காகக் காத்திருக்கலாம். அப்படிக் காத்திருப்பதானால் ஃப்ளேஜேரிலிருந்து கடைசி ரோப் கார் எத்தனை மணிக்கு என்று அன்று காலையே பார்த்துவிடுங்கள். தவறினால் லே பிராஸ் வரை இன்னும் 800 மீட்டர் இறக்கம், முழங்கால்தான் பதில் சொல்ல வேண்டும்.