குல்னா ரோட்டுக் காயம்: நாட்குறிப்பு

செப்டம்பர் 11, 2023

1971 போரில் பட்ட காயத்துக்கு மெடல் கேட்கக் காகிதம் வேண்டும் என்று ராணுவத்துக்கு எழுதியிருந்தேன். பதில் வந்துவிட்டது. ஆங்கிலத்தில் அரைப் பக்கம். பேரன் படித்துச் சொன்னான். பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர்களின் சர்வீஸ் ஆவணங்களை 25 வருடம்தான் வைத்திருப்பார்களாம். விதிப்படி அழித்தாயிற்று. லாங் ரோல் என்ற பெயர்ப் பதிவேடு மட்டும் நிரந்தரம். அதில் என் நம்பர், பெயர், சேர்ந்த தேதி, வெளியே வந்த தேதி, வந்த காரணம். அவ்வளவுதான்.

நான் வெளியே வந்தது 1978. அப்படியென்றால் 2003. பெரியவள் கல்யாணம் நடந்த வருடம். பந்தக்கால் நட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அங்கே யாரோ என் காகிதக் கட்டை அவிழ்த்துப் போட்டிருக்கிறார்கள்.

செப்டம்பர் 12

தூக்கம் இல்லை.

செப்டம்பர் 14

சின்னவள் போனில் கேட்டாள்: "இத்தனை வருஷம் கழிச்சு இது எதுக்குப்பா? உடம்பைக் கெடுத்துக்காதீங்க." அக்கறையில்தான் கேட்டாள். எனக்குத்தான் சட்டென்று பதில் வரவில்லை.

எதிரியின் தாக்குதலில் நேரடியாகக் காயப்பட்டவனுக்குத் தரும் வூண்ட் மெடல் ஏற்பட்டதே 1973-ல்தான். இப்போது பராக்ரம் பதக் என்கிறார்கள். அப்போது நான் வேறு இடத்துக்குப் போய்விட்டேன், கால் ஆறிவிட்டது, டியூட்டி செய்துகொண்டிருந்தேன். யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஊருக்கு வந்த பிறகு நிலம், அம்மாவின் கண் ஆபரேஷன், பிள்ளைகள் படிப்பு. மெடல் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

என்னிடம் இருப்பது சங்கிராம் மெடல், பூர்வி ஸ்டார், 25-வது சுதந்திர ஆண்டு மெடல். இன்று மதியம் எடுத்துப் பார்த்தேன். சங்கிராம் மெடலின் விளிம்பில் என் நம்பரும் பெயரும் பொறித்திருக்கும். நகத்தால் தடவினால் ஒவ்வொரு எழுத்தும் தட்டுப்படுகிறது. கிழக்கே போன எல்லோருக்கும் கொடுத்ததுதான் பூர்வி ஸ்டார். போனேன் என்பதற்கு அது சாட்சி. அடிபட்டதற்கு ஒன்றும் இல்லை. டிஸ்சார்ஜ் புத்தகத்திலும் இந்த மூன்றும் இருக்கின்றன, காயம் பற்றி ஒரு வரி கிடையாது.

சின்னவளுக்கு என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

செப்டம்பர் 21

முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் இருக்கும் தம்பி பழைய ஹவில்தார். உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். போரில் அடிபட்டதைச் சொல்லும் பேட்டில் கேஷுவல்டி ரிப்போர்ட் வேண்டும், அல்லது யூனிட் போடும் பார்ட் டூ ஆர்டரில் அந்த மாதம் என் பெயர் வந்த நகல் வேண்டும், அல்லது ஆஸ்பத்திரிக் காகிதம். மூன்றும் இல்லையென்றால் கூட இருந்தவர்களின் அஃபிடவிட்.

"கூட இருந்தவங்க யாராச்சும் இருக்காங்களாய்யா?"

இருக்கிறான். கொல்லத்துக்காரன் இருக்கிறான்.

செப்டம்பர் 22

அடிபட்ட இரவைத் தேதியோடு எழுதி வரச் சொன்னார். எழுதுகிறேன்.

இப்போது பங்களாதேஷில் இருக்கும் ஜெஸ்ஸூர் டிசம்பர் 7-ம் தேதியே விழுந்துவிட்டது. பெரிய சண்டை இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனோம். பாகிஸ்தான்காரர்கள் முன்னாலேயே கிளம்பிக் குல்னா பக்கம் பின்வாங்கிவிட்டார்கள். துரத்திக்கொண்டு தெற்கே போனோம். குல்னா ரோட்டில்தான் நின்று அடித்தார்கள். ரோடு மேடு, இரண்டு பக்கமும் சதுப்பு. ரோட்டை விட்டு இறங்கினால் கால் புதையும், ரோட்டிலேயே போனால் மெஷின் கன்.

14-ம் தேதி ராத்திரி. மோர்ட்டார் குண்டு தலைக்கு மேல் போனால் சத்தம் கேட்கும். நமக்கென்று வருவது கேட்காது. வலது தொடையில் யாரோ மண்வெட்டியால் போட்ட மாதிரி இருந்தது. கால்சட்டைப் பையிலிருந்த ஃபீல்டு டிரெஸ்ஸிங்கை எடுக்கக் கை போனது, பை இருந்த இடம் நசநசவென்று இருந்தது. கொல்லத்துக்காரன் தன்னுடையதை எடுத்துக் கட்டினான். என் பெல்ட்டைப் பிடித்து ஒரு குளத்தங்கரை வரைக்கும் இழுத்துக்கொண்டு போனான். வாத்துகள் இருந்தன. அத்தனை குண்டுச் சத்தத்திலும் அவை கரையில் சுருண்டு கிடந்தன.

எய்ட் போஸ்ட்டில் சட்டைப் பொத்தானில் ஒரு அட்டையைக் கட்டினார்கள். பென்சிலால் எழுதி, நூல் போட்டு. அந்த அட்டைதான் என் காகிதம். அது எங்கே போனது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். ஆஸ்பத்திரி வரைக்கும் இருந்தது. சட்டையைக் கத்தரித்து எடுத்தபோது நர்ஸ் அட்டையை மட்டும் தனியே கழற்றினார். அது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது.

16-ம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் ஜெனரல் நியாஸி சரணடைந்த செய்தியைப் படுத்துக்கொண்டேதான் கேட்டேன். குல்னாவில் மறுநாள்தான் ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள்.

அக்டோபர் 3

இடுப்பு வலி மோசமாகி டாக்டர் எம்.ஆர்.ஐ. எழுதினார். உள்ளே போகும் முன் ஒரு படிவம். உடம்பில் உலோகம் ஏதாவது உண்டா? உண்டு என்றேன். டெக்னீஷியன் பிள்ளை பயந்துவிட்டான், சின்ன வயசு. "எப்படி தாத்தா?" என்றான். சண்டையில் என்றேன். எந்தச் சண்டை என்று அவன் கேட்கவில்லை. காந்தம் இழுத்துவிடும், முதலில் எக்ஸ்ரே என்று அனுப்பிவிட்டான்.

படத்தில் இரண்டு. ஒன்று அரிசி அளவு. இன்னொன்று புளியங்கொட்டையில் பாதி, ஒரு பக்கம் கூராக. எலும்பை ஒட்டி வெள்ளையாக நிற்கிறது. எம்.ஆர்.ஐ. வேண்டாம், சி.டி. எடுக்கலாம் என்று முடிவாயிற்று.

வீட்டுக்கு வரும்போது ஆட்டோவில் படத்தை மடியிலேயே வைத்திருந்தேன்.

அக்டோபர் 4

டாக்டரிடம் கேட்டேன். உலோகத் துண்டு இருக்கிறது, பழையது என்று எழுதித் தரலாம். யார் போட்ட குண்டு என்று தன்னால் எழுத முடியாது என்றார். நியாயம்தான்.

அக்டோபர் 9

கொல்லத்துக்குப் பேசினேன். மருமகள் எடுத்தாள். பெயரையும் கம்பெனியையும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அவன் குரல், மெலிந்து போயிருந்தது.

"காலு எங்ஙனெ உண்டு?"

எடுத்த எடுப்பில் அதைத்தான் கேட்டான். எனக்குப் பேச்சு வரவில்லை.

பேசினோம். வாத்து ஞாபகம் இருக்கிறது. குளம் இருக்கிறது. என் பெல்ட் பக்கிள் அவன் கையைக் கிழித்ததுகூடச் சொன்னான். அது எனக்கே தெரியாது. எந்த வருஷம் என்று கேட்டேன். சீனாக்காரனோடு நடந்ததுதானே என்றான். மகன் இப்போதுதான் வெளியே போனான், வந்தால் சாப்பிடலாம் என்றான். மருமகள் போனை வாங்கி மெதுவாகச் சொன்னாள், அவர் மகன் குவைத்துக்குப் போய் நாலு வருஷம் ஆகிறதாம். அச்சனை நோட்டரி முன்னால் கூட்டிப்போய் சத்தியம் வாங்குவது சரியாக இருக்காது, ஒன்றும் நினைக்கக் கூடாது என்றாள்.

என்ன நினைப்பது? அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இனி அஃபிடவிட் பேச்சை அங்கே எடுக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் மட்டும் போடப் போகிறேன்.

அக்டோபர் 10

மற்றவர்கள் எல்லாம் போய்விட்டார்கள்.

அக்டோபர் 17

அம்மாவின் டிரங்குப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னேன். வீட்டுக்காரிதான் தேடினாள். கோயில் ரசீதுகள், நிலவரி ரசீது, அடியில் துணியில் சுற்றி என் கடிதங்கள். ஒன்று ஆஸ்பத்திரியிலிருந்து எழுதியது! ஃபீல்டு போஸ்ட் ஆபீஸ் முத்திரை. 20 டிசம்பர் 71 தெளிவாகத் தெரிகிறது. அனுப்புநர் இடத்தில் வார்டு நம்பர்கூட இருக்கிறது.

பிறகு உள்ளே படித்தேன்.

"அன்புள்ள அம்மாவுக்கு, நான் நல்ல சுகம். சண்டை முடிந்துவிட்டது. குளத்தங்கரையில் வழுக்கி விழுந்து தொடையில் அடி. பயப்பட ஒன்றுமில்லை. இங்கே பாலும் முட்டையும் தருகிறார்கள். பசுவை விற்க வேண்டாம், மணியார்டர் அனுப்புகிறேன்."

என் கையெழுத்து. இருபத்தொரு வயது.

அக்டோபர் 18

இரவெல்லாம் இதுதான். அந்த நாளைக் குறித்து உலகத்தில் மிச்சமிருக்கும் ஒரே காகிதம் நான் எழுதியது, அது நான் வழுக்கி விழுந்தேன் என்கிறது.

அப்பா போன பிறகு அம்மா தனியாக இருந்தாள். குண்டடி பட்டது என்று எழுதியிருந்தால் பதில் வருவதற்குள் படுத்திருப்பாள். இன்றைக்கு எழுதச் சொன்னாலும் அப்படித்தான் எழுதுவேன்.

ஹவில்தார் தம்பி படித்துவிட்டுக் கையைப் பிசைந்தார். "இதை வெச்சீங்கன்னா இதையே காட்டித் திருப்பி அனுப்பிடுவாங்கய்யா." சின்னவள் சொல்கிறாள், முத்திரையும் வார்டு நம்பரும் இருக்கிற பக்கத்தை மட்டும் நகல் எடுத்து வைக்கலாம், அதில் பொய் ஒன்றும் இல்லையே என்று. பொய் இல்லைதான். ஆனால் பாதியை மறைத்து வாங்குகிற மெடலை எந்தச் சட்டையில் குத்திக்கொள்வது? கேட்கிற அதிகாரிக்கு மகன் வயது இருக்கும். அவருக்கும் ஒரு அம்மா இருப்பாள். முழுக் கடிதத்தையும் வைத்து, ஏன் அப்படி எழுதினேன் என்று எழுதினால் புரியாதா? புரியாமல் போனால்? போகட்டும் என்று சொல்ல மனசு வரவில்லை. எனக்கு அந்த மெடல் வேண்டும்.

அக்டோபர் 26

மழை. கால் குடைகிறது. பசுவை அம்மா விற்கவில்லை.

நவம்பர் 5

பேரன் ஒன்று படித்துக் காட்டினான். ஜெனரல் ஜேக்கப் 1974 ஆகஸ்டில் கிழக்குக் கமாண்டின் தலைவராக வந்தபோது 1971 போர் ஆவணங்களைக் கேட்டாராம். அழித்துவிட்டோம் என்றார்களாம். 2010-ல் அது பேப்பரில் வந்திருக்கிறது. 93,000 பேரைச் சிறைபிடித்த போர். அதை நடத்தியதில் ஒருவரான அவருக்கே காட்டக் காகிதம் இல்லை.

பேரன் என்னைத் தேற்றத்தான் படித்தான். எனக்கு நெஞ்சு அடைத்தது. அங்கேயே செத்தவர்களை யார் எழுதி வைத்திருப்பார்கள்? என் செக்ஷனில் மட்டும் இரண்டு பேர்.

நவம்பர் 12

தீபாவளி. வெடிச் சத்தத்துக்கு நான் பயப்படுவேன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பயமில்லை. கொல்லத்துக்குப் பேசினேன். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டான்.

நவம்பர் 19

வீட்டுக்காரி ராத்திரி கஞ்சி வைத்துக்கொண்டே சொன்னாள். நான் அந்தக் கடிதத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு இத்தனை நாள் தாங்கியிருக்கிறாள்.

"அத்தைக்குத் தெரியும்."

என்ன தெரியும்?

"குண்டு பட்டது. உங்க கடுதாசிக்கு முன்னாடியே தந்தி வந்துடுச்சாம். தபால்காரர்தான் வாசல்ல நின்னு படிச்சாராம். படிச்சதும் வாங்கி அடுப்புல போட்டுட்டேன்னு கடைசிக் காலத்துல எங்கிட்ட சொன்னாங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க."

எங்கள் ஊரில் தந்தி என்றால் சாவு. சாவுச் சேதிக் காகிதத்தைப் படித்ததும் கிழித்துப் போடுவார்கள், வீட்டுக்குள் வைக்க மாட்டார்கள். அம்மா அதையும் அப்படித்தான் செய்திருக்கிறாள். நான் ஊருக்கு வந்தபோது தொடையைப் பார்த்துவிட்டு, "குளத்தங்கரையில பார்த்து நடக்கக் கூடாதாடா?" என்று கேட்டவள். நல்லெண்ணெய் தேய்த்துவிட்டவள்.

நவம்பர் 20

எழுத ஓடவில்லை.

நவம்பர் 28

மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். எக்ஸ்ரே, டாக்டர் கடிதம், லாங் ரோல் நகல், டிஸ்சார்ஜ் புத்தகம், கடிதம் இரண்டு பக்கமும். இதற்கும் முடியாது என்றால் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது, போகலாம் என்கிறார் ஹவில்தார் தம்பி.

ஆறாவது பத்தியில் நிற்கிறேன். "மேற்படி கடிதத்தில் என் தாயாருக்கு எழுதியது உண்மையல்ல" என்று எழுதினேன். அடித்துவிட்டேன். "என் தாயாருக்குத் தைரியம் சொல்லும் பொருட்டு எழுதப்பட்டது" என்று போட்டிருக்கிறேன். தந்தி வந்ததையும் சேர்ப்பதா? சேர்த்தால் தந்தி எங்கே என்பார்கள். சேர்க்காமல் விட்டால் அம்மா அந்தப் பத்தியில் ஒன்றும் தெரியாதவளாக நிற்கிறாள். சின்னவள் சனிக்கிழமை வருகிறாள், அவளிடம் படித்துக் காட்டிவிட்டு