அப்பா மறுபடியும் தண்ணீர் குடிக்கப் பழகியது

பக்கவாதம் வந்த மூன்றாம் நாள் அப்பா தண்ணீர் கேட்டார். ஒரு மடக்கு கொடுத்ததும் இருமினார். புரையேறிவிட்டது என்று உச்சந்தலையைத் தட்டினேன். நர்ஸ் ஓடிவந்து டம்ளரை வாங்கிக்கொண்டார். அன்று மாலையே உணவு செலுத்த மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள்.

அப்புறம் எக்ஸ்ரே அறையில் ஒரு பரிசோதனை. பேரியம் கலந்த திரவத்தை அப்பா ஸ்பூன் ஸ்பூனாக விழுங்க, அது இறங்கும் பாதை திரையில் தெரிந்தது. பேச்சோடு விழுங்கவும் பயிற்சி தரும் ஸ்பீச் தெரபிஸ்ட் படத்தை நிறுத்தி நிறுத்தி விளக்கினார். நாக்கு பின்னால் தள்ளியதும் குரல்வளை மேலே எழும்ப வேண்டும், அதன் மூடி மடிந்து படிய வேண்டும், குரல் நாண்கள் சேர வேண்டும், மூச்சு நிற்க வேண்டும். எல்லாம் ஏறக்குறைய ஒரே நொடியில். அப்பாவின் குரல்வளை தாமதமாக எழும்பியது. அதற்குள் திரவம் மூச்சுக்குழாயில் இறங்கிவிட்டது. அவர் இருமவே இல்லை. அதைப் பார்த்துத்தான் ஆடிப்போனேன். இருமல் வராவிட்டால் சரியாகப் போகிறது என்றல்லவா நினைத்திருந்தேன்!

"குடிச்சதும் 'ஆ'ன்னு சொல்லச் சொல்லுங்க. குரல் களகளன்னு கேட்டா நிறுத்திடுங்க" என்றார். பிறகு அப்பாவிடம், "ஐயா, தாடையை நெஞ்சுப் பக்கம் இறக்கிட்டு விழுங்குங்க." அதே திரவம் இந்த முறை உணவுக்குழாய்க்குள் போனது. இது எல்லாருக்கும் பொருந்தாதாம். திரையில் பார்த்துத்தான் சொல்ல வேண்டுமாம்.

அப்பாவோ செம்பை உதட்டில் படாமல் அண்ணாந்து குடித்தே எழுபது வருஷம் வாழ்ந்தவர். எச்சில் படக் குடிக்க அவருக்கு மனசே வரவில்லை. முதல் வாரம் அதற்கே போனது.

நோயாளிக்கு நல்லது என்று நாம் நம்பும் ரசம் சாதம் கூடாது என்றார்கள். சாதம் வாயில் நிற்கும்போதே ரசம் முந்திக்கொண்டு ஓடிவிடும். கட்டியில்லாமல் மசித்த தயிர் சாதம், கெட்டியான கஞ்சி, அதற்கென்றே உள்ள மாவு கலந்து கெட்டியாக்கிய தண்ணீர், இவைதான். நிமிர்ந்து உட்கார வைத்து ஊட்டி, அரை மணி நேரம் படுக்க விடமாட்டோம். வாயைச் சுத்தமாகத் துடைப்பேன். அழுக்கு எச்சில் நுரையீரலுக்குப் போனால் நிமோனியா வரலாம்.

ஆறாவது வாரம் குழாயை எடுத்தார்கள். இப்போது காபியே குடிக்கிறார், டம்ளரைப் பார்த்தபடி. பழக்கத்தில் தலை நிமிர்ந்தால், அம்மா அடுப்படியிலிருந்தே "தாடை!" என்று குரல் கொடுக்கிறாள்.