செப்புத் தோலின் கீழ் நாகம்

கனடா தனது ஒரு சதக் குற்றிகளின் விநியோகத்தை 2013 பெப்ரவரியில் நிறுத்தியது. அதன் பின் முல்லைத்தீவுக்கு வந்த பெரியப்பா, ஒரு பால்மாப் பேணி நிறைய அந்தக் குற்றிகளைக் கொண்டுவந்து, "இனிக் கடைகளில இது ஓடாது, நீ வைச்சிரு தம்பி" என்று என் கையில் தந்தார். என் நாணயச் சேகரிப்பு அந்தப் பேணியோடுதான் தொடங்கியது. கடற்காற்று நேரே வீசும் வீட்டில் இரண்டு மாரிகள் கழிந்த பின்னர் ஒரு நாள் பேணியைத் திறந்தபோது, 1998 ஆம் ஆண்டுக் குற்றியொன்றில் அரசியின் கழுத்துக்குக் கீழே கடுகளவு கூட இல்லாத ஒரு கொப்புளத்தைக் கண்டேன். கைவில்லையை வைத்துப் பார்த்தபோது அதன் உச்சி வெடித்திருந்தது. வெடிப்பின் ஓரத்தில் செப்பு மெல்லிய தோலாகச் சுருண்டு நிற்க, உள்ளிருந்து சாம்பல் கலந்த வெண்மாப் போன்ற பொடி வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

அந்தப் பொடிதான் நாகம், அதாவது துத்தநாகம், அரித்துப்போனதன் அடையாளம். அமெரிக்காவின் ஒரு சதம் 1982 இலிருந்தும், கனடாவின் ஒரு சதம் 1997 இலிருந்தும் செப்பு முலாமிட்ட நாக வட்டுகளில் அச்சிடப்பட்டன. கனடா பின்னர் முலாமிட்ட உருக்கையும் பயன்படுத்தியதால், அந்தக் குற்றிகளைப் பிரித்தறிய ஒரு காந்தமே போதும். அமெரிக்கச் சதத்தின் மொத்த நிறையான 2.5 கிராமில் நாகம் 97.5 வீதம், செப்பு 2.5 வீதம் மட்டுமே. மேலே தெரியும் செப்புப் படலத்தின் தடிப்பு ஏறத்தாழ 0.008 மில்லிமீற்றர்தான்.

உயர்தர இரசாயனம் படித்தவர்களுக்கு மின்னிரசாயனத் தொடர் நினைவிருக்கும். அதில் நாகம் செப்பை விடத் தாக்குதிறன் மிகுந்தது. ஆகவே படலத்தில் ஊசிமுனையளவு துளை விழுந்து ஈரமும் உப்பும் உள்ளே நுழைந்தால், நாகம் கரைய, செப்பு அப்படியே நிற்கும். எங்கள் கொட்டில்களின் கூரைத் தகரத்தில் நடப்பது இதற்கு நேர் எதிரானது. அங்கே நாகம் வெளியே, இரும்பு உள்ளே. கீறல் விழுந்தாலும் நாகம் முதலில் தன்னைக் கொடுத்து இரும்பைச் சில காலம் காக்கும். 1943 இல் அமெரிக்கா அச்சிட்ட உருக்குச் சதமும் நாகம் பூசியதுதான். ஆனால் பூசிய தகட்டிலிருந்தே வட்டுகளை வெட்டியதால் விளிம்பு மூடப்படாமல் நின்று, அங்கிருந்தே துருவேறத் தொடங்கியது. இந்த ஒப்பீட்டை வகுப்பில் சொன்னால், பிள்ளைகள் தங்கள் வீட்டுக் கூரையை எண்ணி உடனே பிடித்துக்கொள்வார்கள்.

எல்லாக் கொப்புளங்களும் அரிப்பினால் வருவன அல்ல என்பதைச் சேகரிப்போர் கவனிக்க வேண்டும். முலாமிடுவதற்கு முன் வட்டு சரியாகத் துப்புரவாகாவிட்டால் படலம் அங்கே ஒட்டாது. இடையில் சிக்கிய வாயு அச்சிட்ட பின் விரிந்து படலத்தை மேலே தூக்கும். அத்தகைய கொப்புளம் பளபளப்பாகவும் வழுவழுப்பாகவும் இருக்கும், சிலவேளை கோடாகவும் நீளும். அரிப்பினால் எழுந்தது மங்கிய நிறத்தில், ஓரம் கறுத்து, நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டே போகும். அச்சு உடைந்ததால் விழுந்த மேடு இவ்விரண்டிலிருந்தும் வேறானது. அது உள்ளே வெறுமையில்லாத திண்மமான உலோகம். அதே அச்சில் பின்னர் அடித்த குற்றிகளிலும் அதே இடத்தில் இருக்கும்.

சென்ற மாதம் என் மாணவன் ஒருவன், இணையத்தில் "இரட்டை அச்சு", அதாவது அச்சிலேயே உருவம் இருமுறை பதிந்த பிழைக்குற்றி, என்று சொல்லி விற்கப்பட்ட அமெரிக்கச் சதமொன்றைச் சேர்த்து வைத்த காசையெல்லாம் கொடுத்து வாங்கி வந்தான். ஆண்டு இலக்கங்களின் ஓரத்தில் இரண்டாவது கோடு போல ஒரு வெள்ளி நிழல் தெரிந்தது உண்மைதான். ஆனால் பத்து மடங்கு உருப்பெருக்கத்தில் பார்த்தபோது அந்த நிழலுக்கு உயரமும் இல்லை, இலக்கத்தின் வடிவமும் இல்லை. அச்சின் அழுத்தத்தில் உலோகம் விளிம்பை நோக்கி நகரும்போது மெல்லிய செப்புப் படலம் இழுபட்டுக் கிழிந்து, கீழிருந்த நாகம் வெளியே தெரிந்தது, அவ்வளவுதான். உண்மையான இரட்டை அச்சில் இரண்டாவது உருவமும் புடைத்து நிற்கும், நிறமும் செப்பாகவே இருக்கும். முலாம் கிழிந்த சதங்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றுக்குச் சேகரிப்போர் முகப்பெறுமதிக்கு மேல் பெரிதாக எதுவும் தருவதில்லை. அறிந்தே ஒரு பிள்ளையிடம் அப்படி விற்றிருந்தால் அது களவு என்றே நான் கொள்கிறேன்.

குத்துவிளக்குத் துலக்குவது போலப் புளி போட்டு இவற்றைத் தேய்க்கவே கூடாது. என் சின்னம்மா அன்போடு அப்படிச் செய்த பதினொரு குற்றிகளில், புளியின் அமிலம் நுண்துளைகளின் வழியே நாகத்தைத் தொட்டு, சில கிழமைகளில் முகமெங்கும் புள்ளி விழச் செய்துவிட்டது. மென்மையான பிவிசி உறைகளும் ஆகாதவை. அவை காலப்போக்கில் அமிலம் கக்கிப் பச்சைப் பிசினாக ஒட்டிக்கொள்ளும். நான் இப்போது ஒவ்வொரு குற்றியையும் விளிம்பில் மட்டும் பிடித்து, பொலிப்புரொப்பிலீன் உறையில் இட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான டப்பாவில் வைக்கிறேன். ஐப்பசி பிறந்தால் பொட்டலங்களை மாதம் இருமுறை மாற்ற வேண்டியிருக்கிறது.

அந்த 1998 குற்றியைத் தனி உறையிலிட்டு மற்றவற்றிலிருந்து ஒதுக்கி வைத்திருக்கிறேன். நேற்று நிறுத்தபோது, புதிதாக 2.25 கிராம் இருந்திருக்க வேண்டிய அது 2.19 கிராம் காட்டியது. வெடிப்பு இப்போது அரசியின் நாடிவரை ஏறியிருக்கிறது.