நாலு வாரம் லீவு, நாலு விருந்தாளி, ஒரு ஸ்டெப்னி

வாரம் தவறாமல் பத்தி எழுதுகிறவருக்கு நாலு வாரம் லீவு வேண்டுமென்றால் மூன்று வழி உண்டு. கடையைச் சாத்திவிட்டுப் போகலாம். நாலு கட்டுரையை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டுப் போகலாம். அல்லது தெரிந்த நாலு பேரைக் கூப்பிட்டு, "ஆளுக்கு ஒரு வாரம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லலாம். மூன்றாவதுதான் சுலபம் என்று பார்த்தவுடன் தோன்றும். அப்படித் தோன்றுகிறவர்கள் இதுவரை யாரிடமும் கட்டுரை வாங்கியதில்லை என்று அர்த்தம். ஒரு கட்டுரையைக் கேட்டு, ஞாபகப்படுத்தி, வாங்கி, திருத்தி, எழுதியவரிடம் காட்டி, அவர் முகம் சுளித்த இடத்தை மறுபடி திருத்தி முடிக்கிற நேரத்தில் சொந்தமாக ஒன்று எழுதி, மதியம் ஒரு தூக்கமும் போட்டுவிடலாம்.

ஆனாலும் செய்யலாம். வாசகருக்கு நாலு புதுக் குரல் கிடைக்கும். எல்லா வேலையையும் கிளம்புவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. முடிக்காமல் கிளம்பினால் அது லீவு இல்லை. எழுத்து வேலையிலிருந்து வசூல் வேலைக்கு மாற்றல்.

பெரும்பாலானவர்கள் சறுக்குகிற முதல் படி பொது அழைப்பு. "ஒரு மாதம் இருக்கமாட்டேன், விருப்பமுள்ள நண்பர்கள் எழுதி அனுப்பலாம்" என்று முப்பது பேருக்கு ஒரே செய்தியைத் தட்டிவிட்டால், இருபத்தெட்டு பேர் கட்டைவிரலை உயர்த்துவார்கள். ஒருவர் "சூப்பர்" என்பார். இன்னொருவர் "நல்லபடியா போயிட்டு வாங்க" என்பார். கட்டுரை மட்டும் வராது. யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. மீதி இருபத்தொன்பது பேரில் எவராவது எழுதுவார் என்று முப்பது பேரும் நம்புகிறார்கள், அவ்வளவுதான். 1968இல் ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அடுத்த அறையில் ஒருவருக்கு வலிப்பு வருவதுபோல ஹெட்போனில் கேட்க வைத்தார்கள். தனக்கு மட்டும்தான் கேட்கிறது என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் வலிப்பு ஓய்வதற்குள் ஓடிப்போய்ச் சொன்னார்கள். இன்னும் நாலு பேருக்கும் கேட்கிறது என்று நினைத்தவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 31 சதவீதம்தான். வலிப்புக்கே இந்தக் கதி. உங்கள் மூன்றாம் வாரக் கட்டுரைக்கு யார் ஓடப்போகிறார்கள்?

ஆகவே தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஆள், தலைப்பு, அளவு, தேதி என்ற நான்கும் ஒரே செய்தியில் இருக்க வேண்டும். உதாரணத்துக்கு இப்படி:

"12ஆம் தேதியிலிருந்து நாலு வாரம் நான் எழுதப்போவதில்லை. மூன்றாவது வாரத்துக்கு உங்களிடமிருந்து ஒன்று வேண்டும். அன்றைக்குப் பேசும்போது, நின்றுபோன சுவர்க் கடிகாரத்தை எப்படி ஓடவைத்தீர்கள் என்று சொன்னீர்களே, அதேதான். 500 வார்த்தை. 2ஆம் தேதிக்குள் கிடைத்தால் போதும். பணம் கொடுக்க வழியில்லை, பெயர் வரும். முடியாதென்றால் ஞாயிற்றுக்கிழமைக்குள் 'முடியாது' என்று ஒரே ஒரு வார்த்தை அனுப்புங்கள். வருத்தப்படமாட்டேன்."

இதில் விலைமதிப்புள்ளது கடிகாரம்தான். "எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதுங்கள்" என்று பெருந்தன்மையாகச் சொன்னால் அவர் பத்து நாள் யோசிப்பார், பதினோராம் நாள் 'நட்பு' என்று தலைப்பு வைப்பார். இன்னும் மோசமான விஷயம், அடுத்தவரும் அதே தலைப்பைத்தான் வைப்பார். பொதுத் தலைப்பு என்பது எல்லோருக்கும் பொது. கடைசி வரியும் முக்கியம். கௌரவமாகக் கழன்றுகொள்ள வழி இருந்தால்தான் முடியாதவர் சீக்கிரம் சொல்வார். வழி இல்லையென்றால் சரி என்று சொல்லிவிட்டுத் தலைமறைவாவார்.

சரி என்பதிலும் ரகங்கள் இருக்கின்றன. "பார்க்கலாம்" என்றால் மாட்டேன். "கண்டிப்பா!" என்றால் மறந்துவிடுவேன். "உங்களுக்கு இல்லாததா?" என்றால் சத்தியமாக மாட்டேன். "500 வார்த்தையா, 600 ஆனா பரவாயில்லையா?" என்று கேட்கிறவர்தான் எழுதுவார். அவர் தலைக்குள் அளக்க ஆரம்பித்துவிட்டார். நாலு இடத்துக்கு இந்த மாதிரி நாலு ஆள் கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே போக வேண்டும். ஆறேழு பேரைக் கேட்க வேண்டியிருக்கும். நன்றாக எழுதுகிறவரைவிட எழுதி முடிக்கிறவர் மேல். சுமாரான கட்டுரையைத் திருத்தித் தேற்றலாம். வராத கட்டுரையில் எந்த இடத்தில் கால்புள்ளி வைப்பது?

தேதி விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும். 1994இல் ரோஜர் ப்யூலரும் சகாக்களும் செய்த ஆய்வு ஒன்று உண்டு. ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாகச் சுமார் 34 நாள் என்றார்கள். எல்லாமே சொதப்பினால் எத்தனை நாள் ஆகும் என்றும் கேட்டார்கள். சுமார் 49 என்றார்கள். நிஜத்தில் ஆனது சுமார் 55. அதாவது மனிதனால் தன்னைப் பற்றிக் கற்பனை செய்ய முடிந்த படுமோசமான நிலைமையைக்கூட அவனே தாண்டிவிடுகிறான். அதனால் நீங்கள் சொல்கிற தேதி, கிளம்பும் நாளுக்குப் பத்து நாளாவது முன்னால் இருக்கட்டும். உண்மையான கடைசித் தேதியை யாரிடமும் சொல்லாதீர்கள். வீட்டில்கூடத்தான், கசியும்.

ஞாபகப்படுத்துவதற்கும் ஒரு முறை இருக்கிறது. "எழுதிட்டீங்களா?" என்று கேட்டால் "போயிட்டிருக்கு" என்று பதில் வரும். எங்கே போகிறது என்று கேட்க முடியாது. அதற்குப் பதில் கொடுத்த நாட்களில் பாதி கழிந்ததும், "தலைப்பு யோசிக்கணும், முதல் பாராவை மட்டும் எப்படி இருக்கோ அப்படியே அனுப்புங்க" என்று கேளுங்கள். எழுதியிருந்தால் வரும். எழுதாதவர் அன்றிரவே உட்கார்ந்து ஒரு பாரா எழுதி, பாதி முடித்தவர் மாதிரி அனுப்புவார். இரண்டுமே உங்களுக்கு லாபம்.

இனிமேல்தான் கூத்து. கட்டுரை வந்து சேரும் கோலம் ஒன்றா இரண்டா. ஒருவர் நோட்டில் எழுதி, நோட்டின் மேல் தன் கைநிழல் விழ, சாய்வாகப் படமெடுத்து ஏழு துண்டாக அனுப்புவார். துண்டுகள் ஒன்று, இரண்டு, நாலு, மூன்று என்ற வரிசையில் வரும். செயலியில் படமாக அனுப்பினால் அது கோப்பைச் சுருக்கிவிடும், பென்சில் எழுத்து மங்கிப்போகும். டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னால் எடுத்தபடியே வரும். இன்னொருவர் பதினோரு நிமிடத்துக்குப் பேசி அனுப்புவார். நடுவில் குக்கர் விசில். அதைப் போனிலேயே எழுத்தாக மாற்றி அனுப்புகிறவரும் உண்டு. முற்றுப்புள்ளி இல்லாத ஒரே வாக்கியமாகப் பதினோரு நிமிடமும் ஓடிவரும்.

பழைய எழுத்துருக்காரர் தனி வகை. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு 1991இல் வந்தபோது, அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியாயிற்று. ஆனால் அவருடைய விரல்கள் பாமினியில் பழகியவை. அந்த எழுத்துரு ஆங்கில எழுத்துகள் இருக்கிற இடத்திலேயே தமிழ் வடிவத்தை உட்கார வைத்திருக்கிறது. உங்கள் கணினியில் அது இல்லையென்றால், அவர் ஆசையாகத் 'தமிழ்' என்று அடித்தது உங்களுக்கு ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று தெரியும். பதறாமல் எந்த எழுத்துரு என்று மட்டும் கேளுங்கள். மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே இருக்கின்றன. மாற்றியபின் வரிக்கு வரி படித்துப் பார்க்க வேண்டும். நடுவில் உண்மையாகவே ஆங்கிலத்தில் ஒரு பெயரோ முகவரியோ அடித்திருந்தால், கருவி அதையும் சளைக்காமல் தமிழாக்கியிருக்கும். எந்த அகராதியிலும் இல்லாத சொல் ஒன்று அங்கே முழித்துக்கொண்டு நிற்கும்.

கண்ணுக்கே தெரியாத கோளாறு ஒன்றும் இருக்கிறது. 'ஔ' என்பது ஒரே எழுத்து. ஆனால் பலர் 'ஒ' அடித்துப் பக்கத்தில் 'ள' அடித்துவிடுவார்கள். 'கௌரவம்' என்பதிலும் அப்படித்தான், ஒற்றைக்கொம்பு போட்ட 'கெ', பிறகு ஒரு 'ள'. திரையில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். தேடினால் அகப்படாது. வாசித்துக் காட்டும் மென்பொருள் 'கெ-ள-ரவம்' என்று படித்துக் கௌரவத்தைக் கெடுக்கும். சந்தேகம் வந்தால் சுலபமான சோதனை, சொல்லின் பின்னால் கர்சரை வைத்து ஒவ்வோர் எழுத்தாக அழித்துப் பாருங்கள். 'ள' மட்டும் தனியாகக் கழன்று, அதன்பின் 'கெ' முழுசாக நின்றால் அது போலி. சரியாக அடித்திருந்தால் குறி போனதும் வெறும் 'க'தான் மிஞ்சும்.

அடுத்தது திருத்தம். விருந்தினர் கட்டுரைகளில் முதல் பாராவை எடுத்துவிடலாம். அதில் இரண்டே விஷயம்தான் இருக்கும். தனக்கு எழுத வராது என்பது, வாய்ப்பளித்த உங்களுக்கு நன்றி என்பது. உங்களைப் புகழ்ந்த வரியை வெட்டும்போது கை கொஞ்சம் தயங்கும். தயங்கட்டும், வெட்டுங்கள். ஒற்றுப்பிழைகளைக் கேட்காமலே திருத்தலாம். 'கைக்குட்டை'யில் ஒரு 'க்' விழுந்துபோனால் கை குட்டையாகிவிடும், அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. 'வாழ்த்துக்கள்' சரியா 'வாழ்த்துகள்' சரியா என்ற சண்டைக்கு மட்டும் போகாதீர்கள். உங்களுடைய மொத்த லீவே நாலு வாரம்தான். அவர் பேச்சுவழக்கு, அவர் நக்கல், அவர் ஊர்ச்சொல் ஆகியவற்றைத் தொடவே கூடாது. வேறு குரல் வேண்டும் என்றுதானே கூப்பிட்டீர்கள்? எல்லாவற்றையும் உங்கள் நடைக்கு மாற்றிவிட்டால், நாலு பேருக்குத் தொல்லை கொடுத்து நீங்களே நாலு கட்டுரை எழுதியதாகத்தான் ஆகும்.

திருத்தியதை அவருக்கு அனுப்பும்போது ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: "புதன்கிழமை மாலைக்குள் மாற்றம் சொல்லுங்கள், இல்லையென்றால் இப்படியே போகும்." இந்த வரி இல்லையென்றால் சம்மதத்துக்காகக் காத்திருந்தே வாரம் போய்விடும். கூடவே இரண்டு கேள்வி. இது வேறெங்காவது ஏற்கெனவே வந்ததா? படம் யார் எடுத்தது? கட்டுரையின் உரிமை எழுதியவருக்கே. 1886இல் கையெழுத்தான, பதிப்புரிமைக்கான பெர்ன் உடன்படிக்கை நடப்பில் உள்ள நாடுகளில் அதற்கென்று எங்கும் பதிந்துவைக்கத் தேவையில்லை. பின்னால் தொகுப்பில் சேர்க்கும் எண்ணம் உங்களுக்கு இருந்தால் இப்போதே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

வரிசை என் பார்வையில் இப்படி. உங்கள் எழுத்துக்கு நெருக்கமானது முதல் வாரம், வாசகர் அதிர்ச்சியடையாமல் இருக்க. முற்றிலும் வேறு மாதிரியானது இரண்டாவது வாரம். நாலில் மிகச் சிறந்ததைக் கடைசியில் வைக்காதீர்கள். அடுத்த வாரம் திரும்பி வந்து எழுதப்போவது நீங்கள்.

ஸ்டெப்னி கட்டுரை ஒன்று கட்டாயம் வேண்டும். நீங்களே எழுதியதாக, எந்த நாளுக்கும் பொருந்துவதாக, மழை, பண்டிகை, தேர்தல் என்று எதுவும் ஒட்டாததாக இருக்க வேண்டும். நீங்கள் இல்லாதபோது பத்தியைப் பார்த்துக்கொள்ளும் சாவியை ஒரே ஒரு ஆளிடம் கொடுங்கள். இரண்டு பேரிடம் கொடுத்தால் மேலே சொன்ன வலிப்புக் கதை மறுபடி நடக்கும். அவருக்கு மூன்று அதிகாரம்: எழுத்துப்பிழை திருத்தலாம், வாரத்தை முன்பின் மாற்றலாம், ஸ்டெப்னியை மாட்டலாம். உங்களைக் கூப்பிடும் அதிகாரம் கிடையாது. யாராவது வழக்குப் போடுவேன் என்றால் மட்டும் விதிவிலக்கு. "உங்களைவிட அவர் நல்லா எழுதறார்" என்று வாசகர் சொல்வது அவசரச் செய்தி அல்ல.

எல்லாம் ஒழுங்காக நடந்து நீங்கள் திரும்பி வந்து பையை இறக்கி வைக்கிற அன்று, "கண்டிப்பா!" என்று சொல்லிவிட்டுக் காணாமல்போனவரிடமிருந்து கட்டுரை வரும். 1,900 வார்த்தை இருக்கும், 'நட்பு' என்று தலைப்பு இருக்கும், பாமினியில் இருக்கும். நன்றி சொல்லி வாங்கி, யூனிகோடுக்கு மாற்றி, முதல் பாராவை எடுத்துவிட்டு, அடுத்த லீவுக்கு டிக்கியில் போட்டுவைக்கலாம்.